இஞ்சினுக்குப் பூசிய சந்தனம்

என் அக்காவின் கணவருக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது. வீட்டு வயரிங், வயிற்றுப்போக்கு, கிரிக்கெட், காவிரித் தண்ணீர், கல்யாணப் பொருத்தம் என்று எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார். கேட்காவிட்டாலும் வைத்திருப்பார். ஒரு அரசாங்கத் தொழிற்சாலையின் ஸ்டோர் பிரிவில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, சீட்டு கொண்டு வருகிறவர்களுக்கு நட்டும் போல்டும் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. அந்த நட்டு எந்த மெஷினில் போய் மாட்டுகிறது என்று அவர் ஒருநாளும் எழுந்து போய்ப் பார்த்ததில்லை. ஆனால் பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெருவில் யாருடைய மிக்ஸி நின்றுபோனாலும், "நாங்க ஃபேக்டரில இத விடப் பெரிய மெஷினெல்லாம் பார்த்தவங்க" என்று ஸ்க்ரூ டிரைவரோடு போய் நிற்பார். அவர் கை வைத்த மிக்ஸி அதற்கப்புறம் பழைய இரும்புக்காரனிடம்தான் போகும்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். மாமா போட்ட சோற்றைத் தின்று வளர்ந்தவன். அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அந்த ஒரு நல்ல குணத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன், போகப் போக எழுத மனசு வராது.

தொண்ணூறுகளின் நடுவில் மாமா தன்னோடு வேலை பார்த்த ஒருவரிடமிருந்து பழைய பைக் ஒன்று வாங்கினார். நூறு சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டி. வாங்கிய அன்று அல்சூர் ஏரிப் பக்கம் ஓட்டிப் பார்க்கப் போனவர், கிளட்சைப் பட்டென்று விட்டுத் தக்காளி வண்டி ஒன்றில் போய் மோதினார். தக்காளிக்காரர் மேல்தான் தப்பு என்று வீட்டுக்கு வந்து சொன்னார். நின்றுகொண்டிருந்த தக்காளி வண்டி எப்படித் தப்புச் செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. அன்றோடு வண்டியைச் சந்தில் நிறுத்தி அக்காவின் பழைய சேலையால் மூடிவிட்டார்.

சேலையை எடுத்தவன் நான். மட்கார்டைக் கழற்றினேன். சண்டே பஜாரில் தேடி உயரமான ஷாக் அப்சார்பர் வாங்கி மாட்டினேன். சைலென்சரைத் தூக்கிக் கட்டினேன், மண்ணில் கடித்து நிற்கும் பல் வைத்த டயர் போட்டேன், அகலமான ஹேண்டில்பார் வைத்தேன். எங்கள் ஊரில் அப்போது டர்ட் பைக் என்றால் இப்படித்தான், இருக்கிற வண்டியை உரித்துச் செய்துகொள்வது. பணக்காரப் பிள்ளைகள் நாலைந்து பேர் வெளிநாட்டிலிருந்து அசல் வண்டி வரவழைத்து வைத்திருந்தார்கள். அவர்கள் அதைத் துடைக்கவே நேரம் சரியாக இருந்தது, ஓட்டி நான் பார்த்ததில்லை.

கடைசியாகச் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டை லேத்தில் கொடுத்துக் கொஞ்சம் இழைத்து வாங்கினேன். அப்படிச் செய்தால் பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவி இன்னும் இறுக்கமாக அமுங்கும். அந்த இறுக்கத்துக்குத்தான் கம்ப்ரஷன் என்று பேர். வண்டியின் உயிரே அதில்தான் இருக்கிறது. கிக்கரை மிதிக்கும்போது காலுக்கு அது தெரியும். உள்ளேயிருந்து யாரோ எதிர்த்துத் தள்ளுவது மாதிரி இருக்கும். காலையில் எழுந்ததும் ஓட்ட வேண்டிய வேலை இல்லாவிட்டாலும், சும்மா அதற்காகவே ஒருமுறை மிதித்துப் பார்ப்பேன்.

அந்த வருஷம் விஜயதசமியன்று ஒயிட்ஃபீல்டைத் தாண்டி ஒரு செங்கல் சூளைக்குப் பின்னால் மண் ரேஸ் நடக்கப்போவதாகச் சொன்னார்கள். ரேஸ் எப்போதும் நடப்பதுதான். இந்தமுறை ஊருக்கு வெளியே வண்டி செய்யும் ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார் என்றார்கள். முதல் இரண்டு இடத்துக்கு வருகிறவர்களை டெஸ்ட் ரைடர் வேலைக்குக் கூப்பிடுவார்களாம். புது வண்டி கடைக்குப் போவதற்கு முன்னால் அதை மேட்டிலும் பள்ளத்திலும் விரட்டிப் பார்க்கிற வேலை. சம்பளம் கொடுத்து வண்டி ஓட்டச் சொல்கிற வேலை. நான் பியுசியில், அதாவது பிளஸ் டூவில், தவறியவன். கணக்கு வராது, இங்கிலீஷ் வராது, நாலு பேரிடம் பல்லைக் காட்டிப் பேசவும் வராது. மண்ணில் வண்டி ஓட்டுவது ஒன்றுதான் வரும். அது ஒன்றை மட்டும் கேட்கிற வேலை உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அக்கா அதைக் கவனித்துவிட்டு என்னவென்று கேட்டாள். ராத்திரி சாப்பிடும்போது அவளிடம்தான் சொன்னேன்.

"வண்டி நல்லா இழுக்குதுக்கா. ஆனா ஹெட்டை இழைச்சதுல இருந்து இஞ்சின் ஜாஸ்தி சூடாவுது. மண்ணு ஒட்டாம பார்த்துக்கினா போதும், காத்து பட்டா தாங்கும்."

ரசம் சாதத்தை உறிஞ்சிக்கொண்டிருந்த மாமா தலையைத் தூக்கினார். "சூடா?" என்றார்.

மாமாவுக்கு உலகம் முழுவதும் சூடு, குளிர்ச்சி என்ற இரண்டு வார்த்தைக்குள் அடங்கிவிடும். மாம்பழம் சூடு, வெந்தயம் குளிர்ச்சி. கோழி சூடு, மோர் குளிர்ச்சி. சனிக்கிழமை தவறாமல் உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்துக்கொள்வார். தெருவில் யாருக்குக் கண் சிவந்திருந்தாலும், யாருடைய கல்யாணம் முறிந்திருந்தாலும், "ஒடம்புல சூடு" என்று முடித்துவிடுவார்.

"சூடுன்னா குளிர்ச்சி குடுக்கணும். இதுகூடவா தெரியாது?" என்றார். "ஒடம்புன்னா இன்னா, இஞ்சின்னா இன்னா, எல்லாம் ஒண்ணுதான் மச்சான்."

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் பேசுவதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டால் காது எதற்கு ஆகும்?

ஆயுத பூசையன்று மர்பி டவுனில் சக்கரம் வைத்த எதுவும் தப்ப முடியாது. ஆட்டோ, சைக்கிள், இஸ்திரி வண்டி, கேஸ் சிலிண்டர் தள்ளுவண்டி என்று எல்லாவற்றுக்கும் வாழைக்கன்றும் சாமந்தி மாலையும் கட்டிவிடுவார்கள். தெருமுனையெல்லாம் உடைத்த பூசணிக்காய் குங்குமத்தோடு கிடக்கும், அதில் வழுக்கி ஒருவராவது விழுவார். அன்று காலை நான் மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் வைத்துக்கொண்டு இஞ்சினைச் சுத்தம் செய்தேன். என் வண்டிக்கு ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றி அலுமினியத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும், அவற்றின் இடுக்கில் காற்று புகுந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு இடுக்காகப் பிரஷ் விட்டுத் தேய்த்து, எதிர்ப்பக்கச் சுவர் தெரிகிற அளவுக்குப் பளபளவென்று ஆக்கிவிட்டுக் குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்தபோது மாமா வண்டி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இடது கையில் கிண்ணம். வலது கை விரல்களால் சந்தனத்தை அள்ளி அள்ளித் தகடுகளின் இடுக்கில் திணித்துக்கொண்டிருந்தார். ஊரில் எல்லோரும் டேங்க் மேல் மூன்று விரலால் ஒரு பட்டை போடுவார்கள், ஹெட்லைட்டில் ஒரு பொட்டு வைப்பார்கள், அதோடு சரி. இவர் வீட்டுச் சுவர் விரிசலுக்கு சிமெண்ட் அடைப்பது மாதிரி அடைத்துக்கொண்டிருந்தார். குரங்கு கையில் பூமாலை என்பார்கள். குரங்கு பிய்த்துத்தான் போடும், இப்படித் திணிக்காது.

"மாமா, இன்னா பண்றீங்க? காத்து போற வழி அது!"

"காத்து இன்னாத்துக்குடா? சந்தனமே குளிர்ச்சி. அம்மனுக்குச் சந்தனக் காப்பு எதுக்குப் போடறான்? உக்கிரத்தத் தணிக்கத்தான். அம்மன விட உன் இஞ்சின் உக்கிரமா?"

நான் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி உருவிக்கொண்டு வந்து சுரண்ட ஆரம்பித்தேன். அக்கா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "பூசை போட்டதச் சுரண்டாதடா, பாவம். நாளைக்கு மறுபூசை ஆவட்டும்" என்றாள். நாளைக்குக் காலையில் ரேஸ் என்றேன். நான் நிறுத்தவில்லை. ஒவ்வொரு இடுக்காகச் சுரண்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, மறுபடியும் பளபளவென்று ஆக்கிவிட்டுத்தான் எழுந்தேன். அதற்குள் மாமா உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். வடை பாயசத்தோடு போட்ட இலையில் ரெண்டு வாய்தான் சாப்பிட்டார். தான் செய்த வேலையை ஒருவன் கழுவி ஊற்றிவிட்டான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஸ்டோரில் அவர் கொடுத்த நட்டை யாரும் திருப்பிக் கொடுத்ததில்லையாம். அக்கா ரெண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் வண்டியை ஒரு லக்கேஜ் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நான் கிளம்பினேன். மாமா அப்போதும் பேசவில்லை. அவர் வாய் மூடியிருந்தது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

சூளை மைதானம் செக்கச் செவேலென்று இருந்தது. உடைந்த செங்கல்லைக் கொட்டி மேடு கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் ஷாமியானா, அதற்கடியில் தொப்பி போட்ட கம்பெனிக்காரர் வறுத்த கடலைக்காய் உரித்துத் தின்றுகொண்டிருந்தார். என் எதிர்காலத்தை முடிவு செய்ய வந்த மனிதர் அவர். அவருடைய கவனம் முழுவதும் கடலைக்காயில் இருந்தது. ரேஸ் நடத்துகிறவர்கள் எங்கள் வண்டிகளையெல்லாம் மைதானத்தின் ஒரு ஓரத்தில் வரிசையாக நிறுத்தச் சொன்னார்கள். ஓட்டுகிறவர்கள் எதிர் ஓரத்தில் நிற்க வேண்டும். கொடி விழுந்ததும் ஓடிப்போய் வண்டியில் ஏறி உதைத்துக் கிளப்ப வேண்டும். இதை விளக்குவதற்காக எங்களை ஷாமியானாவுக்குக் கூப்பிட்டு, முதலில் கன்னடத்தில் சொல்லி, பிறகு இங்கிலீஷில் சொல்லி, பிறகு ஒருவன் கேட்ட முட்டாள்தனமான கேள்விக்காக மறுபடியும் கன்னடத்தில் சொன்னார்கள்.

அங்கே நின்றுகொண்டிருந்தபோது கயிற்றுக்கு அந்தப் பக்கம் மாமாவைப் பார்த்தேன். பஸ் பிடித்து வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, கையில் எவர்சில்வர் டிபன் டப்பா. அக்காதான் சமாதானத்துக்குப் புளிசாதம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்சம் மனசு இளகிக்கூடப் போனது. அந்த இளக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். வண்டி வரிசைப் பக்கம் யாரையும் விடக்கூடாது என்று அங்கே ஒரு ஆளைக் காவல் வைத்திருந்தார்கள். மாமா சட்டைப் பையிலிருந்து ஆர்சி புத்தகத்தை எடுத்து அவனிடம் காட்டியிருக்கிறார். "வண்டி ஓனர் நான்தான். என் பேர்லதான் கீது, படிச்சுப் பாரு" என்று சொல்லியிருக்கிறார். வண்டி அவர் பெயரில்தான் இருந்தது. காவல்காரன் வழி விட்டுவிட்டான். டிபன் டப்பாவில் அக்காவின் புளிசாதம் இல்லை, காலையில் மறுபூசைக்கு என்று சொல்லி மாமா குழைத்த சந்தனம் இருந்தது. முந்தின நாள் நான் கழுவி ஊற்றியதை விட ரெண்டு பங்கு.

கொடி விழுந்தது. ஓடினேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து நான் பார்த்தது ஹேண்டில்பாரை மட்டும்தான். ஏறி ஒரு மிதி மிதித்தேன். உள்ளேயிருந்து எதிர்த்துத் தள்ளியது, உடனே பிடித்துக்கொண்டது. முதல் வளைவுக்குள் நான்கு பேரைத் தாண்டினேன். முதல் சுற்று முடியும்போது எனக்கு முன்னால் ஒருவன்தான் இருந்தான். பின்னால் மல்லேஸ்வரத்துப் பையன் ஒருவன் விடாமல் வந்துகொண்டிருந்தான். அவனை எனக்கு முன்னாலேயே தெரியும், கன்னடக்காரன், நல்ல கை. ஆனால் மேட்டில் என் வண்டியின் இழுப்பு அவன் வண்டிக்கு இல்லை. இரண்டாம் இடம் போதும், வேலை கிடைத்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. வாழ்க்கையில் எது நடக்கப்போகிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது அந்தச் சில நிமிஷங்கள்தான்.

மூன்றாவது சுற்றில் சந்தன வாசனை வந்தது. யாரோ சூளைக்கு விஜயதசமி பூசை போடுகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வளைவிலும் அதே வாசனை. அதற்கடுத்த மேட்டிலும். வாசனை என்னோடு வந்துகொண்டிருந்தது. அது என் ரெண்டு முழங்காலுக்கும் நடுவிலிருந்து வருகிறது என்று புரிந்தபோது இஞ்சின் சத்தம் மாறிவிட்டிருந்தது. தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற சத்தம். குனிந்து பார்த்தேன். தகடுகள் தெரியவில்லை. பழுப்பாக ஏதோ ஒன்று அப்பியிருந்தது.

கை ஆக்சிலேட்டரிலிருந்து வருவதற்குள் பின் சக்கரம் இறுகிவிட்டது. கிளட்சைப் பிடித்தேன். வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் ஓரத்தில் நின்றது. விழவில்லை. சந்தனம் வெந்து ஓடாகி, அதன்மேல் செம்மண் படிந்து, சிலிண்டர் மொத்தமும் ஒரே செங்கல்லாக இருந்தது. அருகில் நின்ற சூளையில்கூட அத்தனை சுத்தமாக ஒரு கல் வெந்திருக்காது. விரலை வைத்தேன், தோல் சுட்டுவிட்டது.

கொஞ்ச நேரம் ஆறவிட்டால் பிஸ்டன் பிடி தளரும் என்று தெரியும். கிடந்த குச்சியை எடுத்துக் குத்திக் குத்திச் சுரண்டினேன். ஒவ்வொரு வண்டியாக என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மல்லேஸ்வரத்துப் பையன் வளைவில் கொஞ்சம் வேகத்தைக் குறைத்து, "ஏனாயித்து குரு?" என்று கத்தினான், என்ன ஆச்சு என்று. பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டான். அதுதான் சரி, நானும் அப்படித்தான் போயிருப்பேன்.

கிக்கர் அசைந்தது. மிதித்தேன்.

கால் அப்படியே தொளதொளவென்று கீழே போய்விட்டது. உள்ளே எதிர்த்துத் தள்ள யாரும் இல்லை. மறுபடி மிதித்தேன். ஆள் காலி செய்துவிட்டுப் போன வீட்டின் கதவைத் தள்ளுவது மாதிரி இருந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் விடாமல் மிதித்தேன். ஏழெட்டு மிதிக்குப் பிறகு நீலப் புகை கக்கிக்கொண்டு இஞ்சின் பிடித்தது. சமதரையில் நகர்ந்தது. முதல் மேட்டில் பாதி ஏறியதும் மூச்சு விட்டுவிட்டது. இறங்கித் தள்ளினேன். மேட்டுக்கு மேடு தள்ளிக்கொண்டு, எல்லோரும் முடித்து ஹெல்மெட்டைக் கழற்றி முகம் துடைத்துக்கொண்ட பிறகு நான் கோட்டைத் தாண்டினேன். கம்பெனிக்காரர் மல்லேஸ்வரத்துப் பையனோடு பேசிக்கொண்டிருந்தார். தரை முழுக்கக் கடலைத் தோல் கிடந்தது.

மாமா டிபன் டப்பாவோடு ஓடி வந்தார். முகத்தில் வருத்தம் இருந்தது, அது பொய் இல்லை. வண்டியைக் குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார்:

"நல்ல வேள, சந்தனம் வெச்சேன். இல்லாட்டி இன்னைக்கு இஞ்சின் வெடிச்சே இருக்கும்."

நான் ஹெல்மெட்டைக் கழற்றி அவர் காலடியில் வீசினேன். அவர் அதை எடுத்து, சட்டை முனையால் மண்ணைத் துடைத்து, கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் சந்திலேயே உட்கார்ந்து இஞ்சினைப் பிரித்தேன். ஹெட்டைத் தூக்கி, சிலிண்டரை உருவியதும் எல்லாம் தெரிந்துவிட்டது. சூட்டில் பிஸ்டன் உப்பிப்போய்ச் சிலிண்டர் சுவரில் உரசியிருந்தது. ஒரு பக்கம் முழுக்க மேலிருந்து கீழே பூனை பிறாண்டின மாதிரி கோடு கோடாகக் கீறல். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. சிலிண்டர் சுவரில் அலுமினியம் உருகித் தீற்றலாக ஒட்டியிருந்தது. அமுங்க வேண்டிய ஆவி அந்தக் கீறல் வழியாக நழுவிக் கீழே போய்விடும். கம்ப்ரஷன் போனது என்றால் அவ்வளவுதான். நான் பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழவேண்டும் போலிருந்தது. ஆனால் தெருவில் பாதிப் பேர் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள், மாமா அவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பார்த்தீங்களா, எப்படிக் கீறிக் கீதுன்னு? இது அவன் மேல வந்திருக்க வேண்டிய கீறல். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு."

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எதிர்வீட்டு அம்மா எனக்குத் திருஷ்டி சுற்றிப் போடச் சொன்னாள். அத்தனை பேரில் ஒருவருக்காவது, தலைப்பாகை கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவனிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அக்கா என் கையிலிருந்த பிஸ்டனை வாங்கிக்கொண்டு போனாள். புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, பூசை அலமாரியில் வெங்கடாசலபதி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். தம்பியின் உயிருக்குப் பதிலாகப் போன பொருளாம் அது. அவள் கும்பிடும்போது கண்ணில் தண்ணீர் நின்றது.

சிலிண்டரை உள்ளே கடைந்து போர் போட்டு, பெரிய சைஸ் பிஸ்டன் போட்டால் வண்டி மறுபடி ஓடும். அதற்கு நான் வழி தேடிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் வெளியே போய்விட்டு வந்து பார்த்தால் சந்து காலியாக இருந்தது. பழைய சேலை மட்டும் மடித்து வைத்திருந்தது. ராசியில்லாத வண்டி, ரத்தம் கேட்கிற வண்டி என்று மாமா விற்றுவிட்டார். அவர் பெயரில்தானே இருந்தது. வந்த காசில் பூசை அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போட்டார். பிஸ்டன் தூசி படாமல் இருக்க வேண்டுமாம்.

மல்லேஸ்வரத்துப் பையனுக்கு வேலை கிடைத்தது. சிவாஜி நகர் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை கம்பெனிச் சட்டையோடு அவனைப் பார்த்தேன். சட்டைப் பையில் கம்பெனியின் பெயர் தைத்திருந்தது. நான் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, டெஸ்ட் ட்ராக்கில் விழுந்து அவனுக்குக் கால் ரெண்டு இடத்தில் உடைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். காலில் கம்பி வைத்துத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அவன் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னும் கடைக்கே வராத ஒரு வண்டியைப் பற்றித்தான் பேசினான். "இன்னா வண்டி குரு அது! சும்மா சொல்லக்கூடாது. மூணாவது கியர்ல மேடு ஏறுது" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி, படுத்த வாக்கிலேயே கையால் ஆக்சிலேட்டர் முறுக்கிக் காட்டினான். கட்டுப் போட்டுக் கிடந்தவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டே நான் வீடு வந்து சேர்ந்தேன்.

வீட்டில் மாமா சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார், கையில் தேங்காய்ப் பை. எங்கே என்று கேட்டேன். அல்சூர் கோயிலுக்காம். "உனக்கு வரவேண்டிய காலுடா அது. நேர்ந்துக்கினேன்" என்றார். அடுத்தவன் கால் உடைந்ததற்குத் தேங்காய் உடைத்த மனிதர் இந்த பெங்களூரில் வேறு யாராவது இருப்பார்களா, எனக்குத் தெரியாது. பிரசாதத் தேங்காயைச் சட்னி அரைத்துத் தின்றோம். நானும்தான் தின்றேன்.

அதற்கப்புறம் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனிகள் முளைத்தன. டிரைவர்கள் நிறையப் பேர் வேண்டியிருந்தது. நான் கம்பெனி கேப் ஓட்டப் போனேன். பின் சீட்டில் நாலு பேர் கழுத்தில் அடையாள அட்டையோடு வாய் திறந்து தூங்குவார்கள். பள்ளத்தில் லேசாக ஏறி இறங்கினால் விழித்துக்கொண்டு, "டிரைவர், மெல்ல" என்பார்கள். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் வண்டி நகர்வதே எறும்பு மாதிரி, அதில் என்ன மெல்ல? மேட்டைக் கண்டால் விரட்டிய கை, ஸ்பீட் பிரேக்கரைக் கண்டால் பத்தடி முன்னாலேயே பிரேக் பிடிக்கப் பழகியது.

ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அந்த கேப் வண்டியைக் கழுவி வீட்டு வாசலில் நிறுத்துவேன். மாமா ரிட்டையர் ஆகிவிட்டார். பல் கொஞ்சம் போய்விட்டது, அறிவு மட்டும் அப்படியே இருந்தது. ஒரு வருஷம் அவர் கிண்ணத்தோடு வண்டியின் முன்பக்கம் போய், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கிரில்லைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் சந்தனம் தயாராக இருந்தது. நான் ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"பானட் மேல ஒரு பொட்டு மாமா. அதோட போதும்."

"ட்ராஃபிக்ல நின்னா சூடாவுதுன்னு நீதானே சொன்னே?" என்றார், உண்மையாகவே புரியாமல்.

உள்ளே பூசை நடந்தது. மாடியில் வாடகைக்கு இருந்த சேலத்துப் பையனும் வந்திருந்தான், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். புது ஆள் கிடைத்தால் மாமா விடமாட்டார். கண்ணாடிக் கதவைத் திறந்து பிஸ்டனைக் காட்டி, ரேஸ், சந்தனம், மல்லேஸ்வரத்துப் பையனின் கால் என்று மொத்தக் கதையையும் சொன்னார். வருஷாவருஷம் கதை வளர்ந்துகொண்டே வந்தது. அந்த வருஷம் மல்லேஸ்வரத்துப் பையனுக்குக் காலே இல்லாமல் போய்விட்டது. சேலத்துப் பையன் பயபக்தியோடு பிஸ்டனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இஞ்சினியரிங் படித்தவனாம். கதை முடிந்ததும் மாமா எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"நீயே சொல்லு மச்சான். உனக்குக் கால் இருக்கா, இல்லியா?"

ஒவ்வொரு வருஷமும் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருக்கு மாமா" என்று சொல்லி முடித்துவிடுவேன். அன்று அதோடு நிற்க முடியவில்லை.

"இருக்கு மாமா. தெனம் சில்க் போர்டு சிக்னல்ல கிளட்ச்சு மிதிச்சுக்கினு கீது."

மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கேட்டுக்கினியா தம்பி?" என்று சேலத்துப் பையனின் தோளைத் தட்டினார். "அந்தக் காலுதான் இன்னைக்கு இவனுக்குச் சோறு போடுது." அவனும் தலையை ஆட்டினான்.

அக்கா குங்குமச் சிமிழோடு அலமாரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து என் காலைப் பார்த்தாள். படங்களுக்கெல்லாம் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவள், பிஸ்டனிடம் வந்ததும் கையை இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவள் மறந்துவிட்டாள் என்று மாமா நினைத்தார். கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை வழித்தெடுத்து, கீறல்கள் எல்லாம் மூடுகிற வரைக்கும் தானே பூசினார்.